இரும்பு முகமூடியில் சிவப்பு நூல்

நாற்பத்தொன்று வரை எண்ணிவிட்டு ஒதில் எண்ணுவதை நிறுத்திக்கொண்டாள்.

நிலவறை வாசலில் நின்றால், பாட்டில் வெடிப்பது முதலில் காலுக்குத்தான் தெரியும். பிறகுதான் காதுக்கு.

மே மாதம் வந்தால் எபெர்னே ஊரில் எல்லோருக்கும் இந்தப் பயம்தான். வெயில் ஏற ஏற, பூமிக்கடியில் பாட்டில்களில் தூங்கும் ஷாம்பேன் மது விழித்து நுரைக்கத் தொடங்கும். ஒரு பாட்டில் வெடித்தால் அதன் சில்லு அடுத்ததை உடைக்கும். அது அதற்கடுத்ததை.

போன வருடம் ஒருவனுக்கு இரண்டு கண்களும் போயின. அதிலிருந்து டெலோர்ப் நிறுவனத்தில் முகமூடி இல்லாமல் யாரும் படி இறங்கக் கூடாது என்று சட்டம். போட்டவர் முதலாளியம்மா, மதாம் டெலோர்ப். புருஷன் இறந்தபின் பதினொரு வருடமாகத் தனியாளாக நிறுவனத்தை நடத்துகிறவர். அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

இரும்புக் கம்பி பின்னிய முகமூடி. போட்டுக்கொண்டால் யார் யாரென்றே தெரியாது. அதனால் வீட்டுப் பெண்கள் ஆளுக்கொரு நிறத்தில் வாரில் கம்பளி நூல் கட்டிவிடுவார்கள். தன் புருஷன் பஸீலின் முகமூடியில் ஒதில் கட்டியது சிவப்பு. தன் சால்வையிலிருந்து பிரித்தது.

பஸீலோடு இறங்கிய மற்ற ஆறு பேரும் முதல் சத்தத்திலேயே மேலே ஓடிவந்துவிட்டார்கள். என் புருஷன் எங்கே என்று கேட்டாள். பின்னால்தான் வந்தான், பாதிப் படியில் என்னவோ நினைத்துத் திரும்பி ஓடினான் என்றார்கள். எதற்கென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அது நடந்து ஒரு மணி நேரம் ஆகிறது.

காலுக்கடியில் அதிர்வு நின்றது.

ஒதில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுபடி அதிரவில்லை.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. கணுக்கால் வரை தொங்கும் தோல் அங்கி. முழுக்க நனைந்து, நுரை சொட்ட. வாரில் சிவப்பு நூல்.

அவள் நாலு படி இறங்கி ஓடிக் கட்டிக்கொண்டாள். அங்கியில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூள் கன்னத்தில் குத்தியது. அழுதுகொண்டே முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"மடையா, எவன் சொன்னான் உன்னைத் திரும்பிப் போகச் சொல்லி? அந்த அம்மாவுக்குப் பாட்டில் போச்சேன்னுதான் அழுகை வரும். ஆள் போறதுன்னா என்னன்னு அவங்க மறந்து ரொம்ப நாளாச்சு."

இரண்டு கைகள் மட்டும் அவளைச் சுற்றி வந்து இறுகின. பஸீல் ஒருநாளும் இவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

வெகுநேரம் விடவில்லை.

அப்போது கீழே இருட்டிலிருந்து பஸீலின் குரல் வந்தது. "நான் இங்க இருக்கேன். நீ யாரைக் கட்டிக்கிட்டு அழற?"

தலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஏறி வந்தான். காதோரம் ஒரு கீறல். அவ்வளவுதான்.

சட்டம் போட்டவரே காலையில் முகமூடி இல்லாமல், யாரிடமும் சொல்லாமல், கடைசி அடுக்கில் மதுவை ருசி பார்க்க இறங்கியிருக்கிறார். அதைப் பார்த்தது பஸீல் ஒருவன்தான். தேடிப் பிடித்துத் தன் முகமூடியையும் அங்கியையும் மாட்டிவிட்டிருக்கிறான்.

மதாம் டெலோர்ப் முகமூடியைக் கழற்றினார். கம்பி அழுந்திய தடம் நெற்றியில் சிவந்திருந்தது. கண்கள் அதைவிடச் சிவந்திருந்தன.

பஸீலுக்கு வேலை போயிற்று என்றே ஒதில் நினைத்தாள்.

மதாம் முகமூடியைப் பஸீலிடம் நீட்டினார். பிறகு அதன் வாரைத் தன் பக்கம் இழுத்து, முடிச்சை விரலால் தடவினார்.

"நாளையிலேர்ந்து எனக்கும் ஒண்ணு வேணும். இந்த நூல் மிச்சம் இருக்கா?"

ஒதில் தன் சால்வையின் ஓரத்தைப் பல்லால் கடித்துப் பிரிக்க ஆரம்பித்தாள்.