அத்தையின் பெயர்

அடிக்கும்போது அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். அந்த வீட்டில் அவளுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான்.

"சொல்லு பாப்பா, எத்தினி நாளா நடக்குது இது?" என்று கேட்ட பெரியப்பா பாண்டுரங்கன், பதில் வருமுன்பே புறங்கையால் அறைந்தார். வெள்ளையம்மாளின் உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. வாயெல்லாம் உப்புக் கரித்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயது. கிளியனூருக்கு மேற்கே, கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை நடுவிலிருந்த ஓலைக் கொட்டாயில், மாட்டுக் கயிற்றால் கை கட்டப்பட்டுக் கிடந்தாள். காலையில் திண்டிவனம் ஸ்டேஷனில் விழுப்புரத்துக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு நின்றவளை, தலைமுடியைப் பிடித்து இழுத்து வண்டியில் போட்டுக்கொண்டு வந்தவர் பெரியப்பாதான். விழுப்புரம் லோகோ ஷெட்டில் ஃபயர்மேனாக இருந்த சின்னப்பராஜ், ஜங்ஷன் பிளாட்பாரத்தில் இன்னும் அவளைத் தேடிக்கொண்டிருப்பான்.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரப் பையனோட ஓடறதுக்கா ஒனக்கு அந்தப் பேரை வெச்சோம்?"

அந்தப் பேர் அத்தையுடையது. அத்தை, அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் ஒரே தங்கை. பதினெட்டு வயதில் தண்ணீர் சேந்தப் போனவள், இதே கொல்லைக் கிணற்றில் வழுக்கி விழுந்து செத்தாள்.

அதற்கப்புறம் வரிசையாக நாலு மாடு செத்தது. பெரியப்பாவின் பிள்ளை ஒன்று தொட்டிலிலேயே போயிற்று. "கன்னியா போனவ கேக்கறா. அவ பேரு வூட்டுல பொழங்கணும்" என்று குறிகாரி சொன்னாள். அடுத்துப் பிறந்த பெண் இவள்தான்.

பூவாடைக்காரி என்று வருஷத்துக்கு ஒருதரம் புதுப்புடவை வைத்து அத்தைக்குப் படையல் போடுவார்கள். சாமி பேரைச் சொல்லித் திட்ட முடியுமா, அடிக்க முடியுமா? அதனால் மற்ற நாளெல்லாம் இவள் வெறும் பாப்பா. அப்பா பச்சைமுத்து படையல் அன்றுகூட அந்தப் பேரைச் சொன்னதில்லை. கற்பூரத்தை ஏற்றிவிட்டு வெளியே போய்விடுவார்.

இன்றைக்குத்தான் படையல். வேலை மும்முரத்தில் தன்னை யாரும் தேட மாட்டார்கள் என்று நம்பித்தான் அவள் கிளம்பினாள். இப்போது அதே மும்முரம் அவளுக்கு எமனாக நின்றது. பெண்கள் எல்லாரும் அடுப்படியில் இருந்தார்கள். கொல்லையில் ஈ காக்கை இல்லை.

வாசலில் நிழல் விழுந்தது. அப்பா. கையில் அரிவாள்.

"நைனா! அவுத்து வுடச் சொல்லு நைனா. செத்துடுவேன் போல இருக்குது."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. முன்பல் இல்லாத ஓட்டை வழியாக மூச்சு மட்டும் உஸ்ஸென்று வந்தது. அத்தை செத்த வருஷம் போன பல் அது. எப்போது கேட்டாலும், "கெணத்தாண்ட வழுக்கி வுழுந்துட்டேன்" என்பார்.

"அருவா எதுக்குடா? ரத்தம் பாத்தா போலீசு, கோர்ட்டுன்னு பேஜாரு" என்றார் பெரியப்பா. "கெணறு கீது. வழுக்கி வுழுந்துட்டான்னா ஊரு நம்பும். அடுத்துப் பொறக்கற பொண்ணுக்கும் இதே பேரை வெச்சிட்டாப் போச்சி."

"செரிண்ணே" என்றார் அப்பா.

பெற்ற அப்பன்! அவள் கூச்சல் போடுமுன் பெரியப்பா துண்டைச் சுருட்டி வாயில் திணித்தார். கயிற்றைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். மல்லாட்டை பிடுங்கிய காய்ந்த மண்கட்டிகள் முதுகைக் கிழித்தன. அப்பா அரிவாளோடு பின்னாலேயே வந்தார்.

கிணற்று மேட்டில் அவள் வெறி பிடித்தவள்போல் உதைத்தாள். ஓர் உதை பெரியப்பாவின் முழங்காலில் விழுந்தது. அவர் அவள் தலைமுடியைச் சுற்றிப் பிடித்து, முகத்தைக் கல்லில் ஒரு மோது மோதினார். பிறகு அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். கீழே வெகு ஆழத்தில் பாசி மூடிய தண்ணீர் தெரிந்தது.

"இன்னாடா பாத்துக்கினு நிக்கிற? ஒதைக்கிறா பாரு. காலைப் புடிடா!"

அப்பா குனிந்தார். அவர் கை அவள் கணுக்காலைத் தொட்டது. தொட்டதுமே, நெருப்பில் பட்டதுபோல் பின்வாங்கியது.

அரிவாள் மேலே போனது. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அலறல் கேட்டது. அது அவளுடையதல்ல. கிணற்று மேட்டிலேயே விழுந்தவள் கண்ணைத் திறந்தபோது, தோள் பிளந்து ரத்தம் பீறிட, பெரியப்பா மண்ணில் உருண்டுகொண்டிருந்தார். "அண்ணன்டா நானு! அடப்பாவி, அண்ணன்டா!"

அடுத்த வீச்சில் அவள் கைக்கயிறு அறுந்தது. வாயிலிருந்த துண்டைப் பிடுங்கி எறிந்தாள்.

"ரோட்டுக்குப் போ. திண்டிவனம் பஸ்ஸு வர்ற நேரம். ஜல்தி போ."

"நைனா... நீயும் வந்துடு. ஒன்னைச் சும்மா வுட மாட்டாங்க."

அவர் வரவில்லை. அரிவாளைக் கீழே போட்டுவிட்டு, அவள் பாதங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். நாக்கு அந்தப் பல் ஓட்டையைத் தடவிக்கொண்டிருந்தது. பிறகு, அவள் பிறந்ததிலிருந்து முதல்தடவையாக, அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"ஓடிடு வெள்ளையம்மா. அன்னிக்கு ஒன் காலைப் புடிச்சது நான்தான்."