மாமா செய்த அலமாரி

கதை சூடு பிடித்த இடத்தில் தச்சர் மேசையை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"யார்றா அவன், என் சட்டையைப் பிடிச்சு இழுக்கிறது!"

தன் சட்டை நுனியைத் தானே பலகையோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டு, யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதாகப் பட்டறையையே இரண்டாக்கிய கதை. சொந்தக் கதைதான். இதைக் கேட்டுச் சிரிக்காத ஆளே கிடையாது. அடுத்தவர் சிரிப்பதற்குள் தச்சரே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து முடித்துவிடுவார்.

இப்போதும் அப்படித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், எதிரே இரண்டு நாற்காலியும் காலி.

தங்கையின் பெண்கள் இரண்டு பேரையும் காணோம்.

"அடி கள்ளிகளா! மாமாகிட்டயே கண்ணாமூச்சியா?"

தச்சருக்கு ஒரே குஷி. காலையில் அவர் வந்ததிலிருந்து இரண்டும் வாயைத் திறக்கவில்லை. தம்ளரைக்கூடச் சத்தம் வராமல் கீழே வைத்தன. பெரியவளுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு ஐந்து. இந்த வயதில் இவ்வளவு அடக்கமா என்று தங்கையை மனசுக்குள் மெச்சிக்கொண்டிருந்தார்.

புருஷனை விட்டு வந்து பிள்ளைகளோடு தனியாக இருக்கும் தங்கையைத் திரும்ப அவன் வீட்டில் கொண்டுபோய் விடத்தான் வந்திருந்தார். "நீங்க சொன்னா கேப்பா மச்சான்" என்று மாப்பிள்ளை போனில் குழைந்திருந்தான். புருஷன் பெண்டாட்டி என்றால் சண்டை வராமலா இருக்கும்? தங்கையும் விவரம் ஒன்றும் சொல்லவில்லை. "நீ போன்னு சொன்னா போறேண்ணா. சாயங்காலம் சொல்லு" என்றுவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் போயிருந்தாள்.

கட்டிலுக்கு அடியில் பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். மிச்சம் இருந்தது அலமாரி ஒன்றுதான்.

ஒற்றை அறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அவள் கல்யாணத்துக்கு அவரே செய்து கொடுத்தது. நகையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு இதை வண்டி பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தாளாம். சொந்தக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். இவருக்கு மட்டும் உள்ளூர ஒரு பெருமை.

கதவைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

அந்தத் தாழ்ப்பாளை வைத்ததும் அவர்தான்.

போன வருஷம், புருஷன் வீட்டில் இருந்தபோது, தங்கை கேட்டாள். கீழ்த்தட்டை எடுத்துவிடு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வை, காற்று வர ஓட்டை போடு. பிள்ளைகள் ஒளிந்து விளையாட என்றாள். "உள்ள வாடகைக்கு ஆள் வைக்கப் போறியா?" என்று கேலி பண்ணிக்கொண்டே செய்து கொடுத்தார். அழகாக இருக்கட்டுமே என்று ஓட்டைகளைப் பூ மாதிரி போட்டுக் கொடுத்தார்.

அந்தப் பூவில் கண்ணை வைத்துப் பார்த்தார்.

பெரியவள் சின்னவளின் வாயைப் பொத்திப் பிடித்திருந்தாள். இரண்டு பேரும் செருப்புப் போட்டுத் தயாராக இருந்தார்கள்.

அடப்பாவி, விளையாட்டுக்கு உள்தாழ்ப்பாள் எதற்கென்று ஒரு வார்த்தை கேட்டேனா? பூ போட்டேனே, பூ!

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மாமா இனிமே கத்த மாட்டேன்டா தங்கங்களா" என்று சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவழியாகத் தாழ்ப்பாள் விலகியது. ஆனால் பிள்ளைகள் வெளியே வரவில்லை.

சரி, அவர்கள் வராவிட்டால் என்ன, நாம் போவோம் என்று அந்தப் பெரிய உடம்பை உள்ளே நுழைத்தார். தலை இடித்தது. முட்டி இடித்தது. சின்னவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

ஓரமாக இருந்த காலி இடத்தில் சாயப் போனார்.

"அது அம்மா இடம்" என்றாள் பெரியவள்.

தச்சர் நகர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்தார். கண் நிறைந்து வந்தது. துடைக்கக் கையை எடுக்கவும் இடமில்லை.

பையில் போன் அடித்தது. உடம்பை நெளித்துக் கையை உருவி எடுத்தார். மாப்பிள்ளை.

"கிளம்பிட்டீங்களா மச்சான்?"

அந்தக் குரல் கேட்டதும் பக்கத்தில் இரண்டு மூச்சும் நின்றுபோனது அவருக்குத் தெரிந்தது.

ஆயுளில் மெதுவாகப் பேசியறியாத மனுஷன், மெதுவாகச் சொன்னார். "அவங்க வரமாட்டாங்க. இனிமே எப்பவும் வரமாட்டாங்க. நான்தான் சொல்றேன்."

போனை அணைத்துப் பைக்குள் போட்டார்.

கொஞ்ச நேரம் கழித்துச் சின்னவள் அவர் தோளில் சாய்ந்தாள். மாமாவை அவளுக்குப் பிடித்துவிட்டது.

"மாமா, உங்க வீட்டுல எந்த அலமாரி?"

"எதுக்குடா கண்ணு?"

"அத்தை ஒளிஞ்சுக்க."

"எங்க வீட்டுல அந்த மாதிரி ஒண்ணும் இல்லடா."

இரண்டும் இருட்டில் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பெரியவள் கையை நீட்டி மாமாவின் கன்னத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"அப்ப அத்தையையும் இங்க கூட்டிட்டு வந்துடுங்க மாமா. நாங்க நகர்ந்துக்கறோம்."