சிஸ்டம்ஸ் ஆபீசர்

ஜேக்கப் பேனாவைத் திறந்துவிட்டான். கையெழுத்து மட்டும் போடவில்லை.

மேனேஜர் அவசரப்படுத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

செய்தித்தாளில் சுற்றிச் சணல் கட்டிய அந்த வரைபடம் ஜேக்கப்பின் இடது கைக்குக் கீழே கிடந்தது. அதை அவன் இன்னும் விடவில்லை.

எங்கள் திருவொற்றியூர் தொழிற்சாலைக்கு பம்பாயிலிருந்து கம்ப்யூட்டர் வரப்போகிறது. அதற்குக் குளிர்சாதன அறை கட்டியாகிவிட்டது. செருப்பை வெளியே விடவும் என்று போர்டும் மாட்டியாகிவிட்டது.

ஒரே குறை. தொழிற்சாலை எப்படி நடக்கிறது என்று அந்த மெஷினுக்கு யாராவது சொல்ல வேண்டும்.

டை கட்டிய நிபுணர்கள் மூன்று பேர் மூன்று மாதம் சுற்றிப் பார்த்தார்கள். துறைமுகத்தில் சரக்கு இறங்குவதிலிருந்து கேட்டில் லாரி வெளியேறுகிறவரை எந்தக் காகிதம் எந்த மேசைக்குப் போகிறது, எங்கே தூங்குகிறது, யார் தட்டினால் எழுந்திருக்கிறது என்பது கடைசிவரை பிடிபடவில்லை. கேன்டீனில் வடை எத்தனை மணிக்குச் சூடாக இருக்கும் என்பது மட்டும் பிடிபட்டது.

முழுக்கத் தெரிந்தவன் ஒருவன்தான். உற்பத்திப் பிரிவுத் தலைமைக் குமாஸ்தா ஜேக்கப். பதினேழு வருஷ சர்வீஸ்.

எழுபத்தொன்று, எழுபத்திரண்டு காலண்டர்களின் பின்பக்கத்தை ஒட்டி, ராயபுரத்து வீட்டில் தரை முழுக்க விரித்து, மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் அந்த வழியையெல்லாம் படமாக வரைந்தான். மனைவி ஆலிஸும் இரண்டு பெண்களும் அந்த மூன்று ஞாயிறும் சுவரோரமாகவே நடந்தார்கள்.

கொடுக்காதே என்றது சங்கம். படம் கிடைத்தால் மெஷின் ஓடும். மெஷின் ஓடினால் உன் பிரிவுக்கே வேலை இருக்காது.

ஜேக்கப் என்னிடம் வந்தான். நான் பர்சனல் டிபார்ட்மென்ட்டில் டைப்பிஸ்ட். வீட்டில் யானைக்கவுனியில் பழைய இரும்பு வியாபாரம். பேரம் என்றால் தொழிற்சாலையில் எல்லோரும் தேடுவது இந்தத் தாவூதைத்தான்.

"துட்டு கேக்காத மாமு. அது வூடு போய்ச் சேர்றதுக்குள்ள கரைஞ்சிரும். நாற்காலி கேளு. ஆபீசராக்குனாத்தான் படம்னு சொல்லு."

கேட்டான். மேனேஜர் ஒரே வார்த்தையில் சரி என்றார்.

எங்கள் கடைத்தெருவில், சொன்ன விலைக்கு எதிராளி உடனே தலையாட்டிவிட்டால் விற்றவனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. ராயபுரத்தில் அப்படியில்லை. ஆலிஸ் அன்றைக்கே பிரியாணி ஆக்கிவிட்டாள். நானும் போய்ச் சாப்பிட்டேன்.

இப்போது மேசைமேல் இரண்டு காகிதங்கள். ஒன்று, சிஸ்டம்ஸ் ஆபீசராக நியமன உத்தரவு. இன்னொன்று, சங்கத்திலிருந்து விலகுவதாக அவன் எழுதிக் கொடுப்பது.

இரண்டாவதைப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இது இன்னாத்துக்கு தாவூது?"

"ஆபீசருக்கு ஏது மாமு சங்கம்? இனிமே உன்னப் பாத்துதான் அவனுங்க கோஷம் போடணும்."

மேனேஜர் சிரித்தார். ஜேக்கப்பும் சிரித்தான். இரண்டிலும் கையெழுத்துப் போட்டான். பெயருக்குக் கீழே ஒரு கோடும் இழுத்தான், ஆபீசர்கள் இழுப்பதைப்போல.

பிறகு வரைபடத்திலிருந்து கையை எடுத்தான்.

மேனேஜர் எழுந்து கை கொடுத்தார். பதினேழு வருஷத்தில் முதல் தடவை. ஜேக்கப் பேன்ட்டில் துடைத்துவிட்டுத்தான் கையை நீட்டினான்.

கதவருகே வந்ததும் என் தோளைப் பிடித்து அழுத்தினான். கண் கலங்கியிருந்தது. "எல்லாம் உன்னாலதான்டா" என்றான்.

அவன் வெளியே போனதும் கதவு சாத்திக்கொண்டது.

மேனேஜர் என் கோப்பிலிருந்து மூன்றாவது காகிதத்தைக் கேட்டு வாங்கினார். மற்ற இரண்டையும் அடித்த கையோடு காலையில் நான் அடித்தது. கம்ப்யூட்டர் பணி முடிந்துவிட்டபடியால் சிஸ்டம்ஸ் ஆபீசர் பதவி இனித் தேவையில்லை, ஒரு மாத நோட்டீஸ். தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தேன்.

தொழிலாளியை அப்படி அனுப்ப முடியாது. போன வருஷம் ஒரு லேத்காரரை அனுப்பிப் பார்த்தார்கள். பத்தொன்பது நாள் ஸ்டிரைக். கடைசியில் அவரை மாலை போட்டு உள்ளே கூட்டிவர வேண்டியதாயிற்று. ஜேக்கப்புக்குக் கீழே இருந்த ஐந்து பேரும் மெஷின் வந்த பிறகும் ஏதாவது ஒரு மூலையில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவார்கள். சங்கம் விடாது.

ஆபீசருக்காக ஸ்டிரைக் செய்ய யாரும் இல்லை.

மேனேஜர் கையெழுத்துப் போட்டு, கடிதத்தை உறையிலிட்டு, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஜேக்கப்பை நாற்காலி கேட்கச் சொல் என்று போன மாதம் எனக்குச் சொன்னவரும் அவர்தான். அதற்குப் பேசிய விலை, இரண்டு வருஷமாக வேலையில்லாமல் இருக்கும் என் தம்பி உசேனுக்கு இங்கே ஒரு வேலை.

"சொன்னபடி முடிச்சுட்டே. தம்பியைத் திங்கக்கிழமை வரச் சொல்லு" என்றார். பிறகு ஏதோ தாராளம் வந்தவராக, "பி.காம். பாஸ் பண்ணவன்தானே? ஆபீசராவே போட்டுடறேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஐயோ, வேணாம் சார்" என்றேன். "லேபராவே போடுங்க. அவன் புள்ளகுட்டிக்காரன்."