வாசலில் ஒரு தேர்தல் பலகை

அயோவாவில் ஒரு சிற்றூர். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு நிற்கும் வெண்டல், வீடு வீடாக ஓட்டுக் கேட்டுக்கொண்டு வந்தார். ஒரு வீட்டில் லோர்னா என்ற எண்பது வயது அம்மாள் கதவைத் திறந்தார்.

“அரசாங்க ஓய்வூதியத்தத் தனியார் கையில குடுக்கலாம்னு ஒருத்தர் பேசிட்டுத் திரியிறாரே. நீங்க என்ன சொல்றீங்க தம்பி?”

“நான் இருக்கிறவரைக்கும் விடமாட்டேம்மா.”

“ஷேர்ல போட்டா ரெட்டிப்பாகும்ங்கிறாரு.”

“மார்க்கெட் விழுந்தா மருந்துக்கு எங்க போவீங்க? என்னை எதிர்த்து நிக்கிற அந்த ட்ரெவர் செல்லப்பிள்ளையா வளர்ந்தவரு. கஷ்டம் தெரியாது.”

“செல்லப்பிள்ளையா?” லோர்னா சிரித்தார். “உங்க பலகை இருந்தா வாசல்ல நட்டுட்டுப் போங்க. என் பையன் கண்ணுல படணும்.”

வெண்டல் உற்சாகமாகப் பலகையைப் புல்லில் ஊன்றினார். “பையன் நம்ம கட்சி இல்லையா?”

“இல்ல. இவ்வளவு நேரம் நீங்க திட்டினீங்களே, அவன்தான்.”

வெண்டலின் முகம் சிவந்தது. “மன்னிச்சிடுங்கம்மா. வாக்காளர் பட்டியல்ல உங்க குடும்பப் பேர் வேறயா இருந்துது.”

“ரெண்டாங் கல்யாணத்துல என் பேர் மாறிடுச்சு. ஓட்டு உங்களுக்குத்தான், பயப்படாதீங்க. ஆனா அவன் கஷ்டம் தெரியாதவன் இல்ல. எட்டு வயசுல அப்பாவப் பறிகுடுத்தான். இதே ஓய்வூதியத் திட்டத்துலேர்ந்து, அப்பா இல்லாத பிள்ளைக்குன்னு அரசாங்கம் மாசாமாசம் அனுப்பின பணத்துலதான் அவன வளர்த்தேன். மறந்துட்டான்.”

வெண்டல் தயங்கினார். “இத நான் மேடையில சொல்லிக்கலாமா?”

“வேண்டாம் தம்பி. அவன உக்காரவச்சு நானே கேட்டுக்கிறேன்.”