சார்ல் போட்ட கேசட்

மீன்கூடை சுமந்து அமிர்தத்துக்குக் கழுத்து மரத்துப்போயிருக்கிறது. மத்லேன் அம்மா வீட்டு வாசலில் கூடையை இறக்குகிறாள். உள்ளே, பாரீசிலிருந்து வந்த மகன் சார்ல் போட்ட கேசட்டில் கிட்டார்கள் மழையாய் இரைய, ஒருவன் தொண்டை கிழியக் கத்துகிறான். அந்த இரைச்சலுக்கு அடியில் மெல்லிய ராகம் ஒன்று விடாமல் ஓடுகிறது. "என்ன தம்பி, எழவு வூடாட்டம்?" "பிளாக் மெட்டல்னு ஒரு பாட்டுக்கா. நிறுத்தவா?" "இருக்கட்டும். அவனாச்சும் அழுவுறான்ல." கூடையிலுள்ள மத்தி மீனில் ஈ மொய்க்கிறது, அவள் விரட்டவில்லை. அவள் ஊரான கிளிஞ்சல்மேட்டில், தன் வீட்டுச் சாவுக்கு அழுதவளுக்குத் திருப்பி அழுதாக வேண்டும். இவள் புருஷனைக் கடல் கொண்டுபோனபோது பக்கத்து வீட்டு மலர்க்கொடி இவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். போன வாரம் மலர்க்கொடியின் மகன் செத்தான்; இவளுக்கு ஒப்பாரி வைக்க வாயே வரவில்லை. இப்போது கத்துகிறவனோடு சேர்ந்து வாயைத் திறந்து பார்க்கிறாள். காற்றுதான் வருகிறது. கேசட் டக்கென்று நிற்கிறது. மலர்க்கொடிக்கு அழவேண்டிய அழுகை இன்னும் பாக்கி.