மணி அடிக்காதவன்

"நீங்க கத்தினது ஆட்டுக்கும் கேட்டிருக்குமாப்பா?"

போன வருடம் மகள் கவிஷா இப்படிக் கேட்டபோது சிவநேசன் சிரித்துவிட்டார். "முன்னால போன வாசு மாமாவுக்கே கேக்கலம்மா!"

இப்போது கெந்திங் செம்பா மலை இறக்கத்தில், ஆடு அடிபட்ட அதே வளைவில், சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கும்போது அந்தக் கேள்வி திரும்ப வந்தது. சிரிப்பு வரவில்லை.

பள்ளி விடுமுறை வந்தால் பிரிக்ஃபீல்ட்சிலிருந்து மலையேறிப் பெந்தோங் வரைக்கும் இரண்டு நாள் சைக்கிள் பயணம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் சிவநேசனுக்கும் கூட்டாளி வாசுவுக்கும் அது பதினோரு வருடப் பழக்கம். வழியெல்லாம் வாசுவின் கிண்டல்தான். "வாத்தியாரே, டயர் பங்ச்சர். இதுக்குத் தமிழ்ல என்னன்னு சொல்லிட்டு ஒட்டுங்க லா!"

சிவநேசன் அசர மாட்டார். 'பிரேக்' என்ற சொல்கூட அவர் வாயில் வராது.

போன வருடம் இந்த வளைவில் ஓரமாக ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. வாசு முன்னால் வேகமாக இறங்கினான். பின்னாலிருந்து சிவநேசன், "மணி! மணி!" என்று கத்தினார். வாசு அடிக்கவில்லை. ஒரு கிடா நடுச்சாலைக்குத் துள்ளி வந்து சக்கரத்தில் அடிபட்டது. நொண்டிக்கொண்டே புதருக்குள் மறைந்தது.

"எத்தனை தடவை கத்தினேன்! மணிய அடிச்சா என்ன? வாயில்லாத ஜீவன்டா அது!"

வாசு அன்றோடு சைக்கிளைத் தொடுவதை விட்டான். ஆட்டிறைச்சியையும் விட்டான். வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் பார்த்தால், "அந்தக் கால் என்ன ஆச்சோ வாத்தியாரே," என்பான்.

அதைத் தெரிந்துகொண்டு போகத்தான் சிவநேசன் இந்த முறை தனியாக வந்திருந்தார்.

சரிவில் ஒரு பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். பெயர் மாரியாயி. ஆடுகள் அவளுடையவைதாம்.

"அக்கா, போன வருஷம் ஒரு மிதிவண்டி உங்க கிடாவ இடிச்சிருச்சு. ஓட்டினது என் கூட்டாளி. அவன மன்னிச்சிருங்க."

"அதுவா? லேசா நொண்டும். தின்கிறதுல ஒண்ணும் குறைச்சல் இல்ல." மாரியாயி சிரித்தாள். "ஆனா தம்பி, மத்த ஆடெல்லாம் ரோட்டுக்கு ஓடும். அது ஓடாது. குட்டியிலயே தாய் செத்துப்போய், நான் புட்டிப்பால் குடுத்து வளர்த்தது. பேரச் சொல்லிக் கூப்பிட்டா மட்டும்தான் வரும். அன்னைக்கு யாரு கூப்பிட்டாங்களோ, போங்க!"

அவள் வாயருகே கையைக் குவித்தாள்.

"மணீ! மணி!"

எதிர்ச் சரிவிலிருந்து கிடா நொண்டி நொண்டி ஓடி வந்தது.

மாரியாயி புல்லுக்கட்டோடு போன பிறகும் சிவநேசன் அங்கேயே நின்றார். கிடா அவர் கையை முகர்ந்து பார்த்தது. வழிக்கு வைத்திருந்த வாழைப்பழத்தை உரித்துக் கொடுத்தார். தின்றுவிட்டு, இன்னும் இருக்கிறதா என்பதுபோல் அவர் முகத்தைப் பார்த்தது.

அந்த வளைவில் வேறு யாரும் இல்லை. சொல்லாமல் இருந்துவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

கைப்பேசியை எடுத்தார்.

"வாசு, அன்னைக்கு நான் 'பெல்'லுன்னு கத்தியிருக்கணும்டா."