கழுவிய கத்தி

"அந்த நேரத்துல உங்க வீட்டுக்காரருக்குப் புத்தி சரியில்லைன்னு உங்க தரப்புதாம்மா நிரூபிக்கணும்," என்றார் அரசு வக்கீல். "கூடப்பொறந்த அண்ணனையே, அவரு வேஷத்துல வேற எவனோ வந்திருக்கான்னு குத்திட்டாருங்கிறீங்க. அப்புறம் கத்தியைக் கழுவித் துடைச்சு அலமாரியில வெச்சிருக்காரே. தப்புன்னு தெரியாதவன் கழுவுவானா?"

சாட்சிக் கூண்டில் நின்றிருந்தாள் பவளக்கொடி. கழுவியது அவள். கல்யாணமான நாளிலிருந்து அவன் உடைத்ததையும் கிழித்ததையும் அக்கம்பக்கத்தார் பார்க்குமுன் சுத்தம் செய்தே பழகிய கை, அன்றைக்கும் அவள் அலறுவதற்கு முன்பே கத்தியைக் குழாயடிக்குக் கொண்டுபோய்விட்டது. ஊருக்குத் தெரியக்கூடாதென்று அவனை ஒரு டாக்டரிடம்கூடக் காட்டியதில்லை. இப்போது உண்மையைச் சொன்னால் தடயத்தை அழித்தவள் என்று அவளும் உள்ளே போகவேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வரும் மகளுக்கு யார் கதவு திறப்பது? சொல்லாவிட்டால் அவன் வெறும் கொலைகாரன். உள்ளங்கை வேர்வையை முந்தானையில் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள், நிற்கவில்லை. கடைசியில், "கத்தியை நான்..." என்று வாயெடுத்தாள்.

எதிர்க் கூண்டில் சுவரைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டிருந்த தில்லைநாயகம் சட்டென்று திரும்பி நீதிபதியைக் கும்பிட்டான். "ஐயா, அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் கழுவுனேன்."

இத்தனை வருஷத்தில் அவன் இவ்வளவு தெளிவாகப் பேசி அவள் கேட்டதில்லை. நீதிபதி எழுதிக்கொண்டார்.